வாரம் இரண்டு நாள் வராதவள்

சொல்லவே கூசுகிறது. ஒரு நாள் தவறாமல் வகுப்புக்கு வந்த பெண்ணை வரவில்லை என்று குறித்து வைத்தவள் நான்தான்.

எங்கள் கல்லூரியில் தமிழ் பி.ஏ. மூன்றாம் ஆண்டில் ஆறே பேர். வகுப்பு ஆசிரியை நான்; அதுவும் ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் கெஸ்ட் லெக்சரர். தமிழ்ப் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமலிருக்க மேனேஜ்மெண்ட் ஒரு திட்டம் போட்டது. வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஹாஸ்டல் இலவசம். தூரத்திலிருந்து தினமும் வந்து போக முடியாமல் பல நாள் நின்றுவிட்ட பாறசாலைக்காரி ஷெமிக்கு அது கிடைத்தது. கிடைத்ததும் தினமும் வந்தாள், வருகை ஏறியது. உடனே, "தேறிவிட்டாள், இனி உதவி வேண்டாம்" என்று பெயரை அடிக்கப் பார்த்தார்கள். என்ன மூளையோ!

அவள் அப்பா சத்தியநேசன் ஆரியசாலைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். ஹாஸ்டல் போனால் படிப்பும் போகும். அதனால் வாரம் இரண்டு நாள் அவளுக்கு ஆப்சென்ட் போட்டேன். எழுபதில் நிறுத்தினால் உதவியும் வரும், அபராதம் கட்டிப் பரீட்சையும் எழுதலாம். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

பிப்ரவரியில் அவளுக்கு அம்மை போட்டது. மூன்று வாரம் படுக்கை. வருகை அறுபத்திரண்டுக்கு இறங்கியது. அறுபத்தைந்துக்குக் கீழே போனால் பரீட்சை கிடையாது.

ஆபீஸில் மலையாளி சூப்பிரண்டு, என்னையும் ஷெமியையும் வைத்துக்கொண்டு, பதிவேட்டைச் சத்தியநேசன் முன்னால் விரித்தார்.

"பாருங்க சேட்டா, அசுகம் வர்றதுக்கு முன்னயே வாரம் ரெண்டு திவசம் உங்க மோளு கிளாஸ்ல இல்லல்லோ."

சத்தியநேசன் மகள் பக்கம் திரும்பினார். "ஹாஸ்டல்ல நிக்கேன்னு சொல்லிட்டு எவன்கூடட்டி சுத்துன?"

"எல்லா நாளும் வந்தேம்ப்பா." முகத்தில் அம்மைப் புண் இன்னும் ஆறவில்லை. என்னைப் பார்த்தாள். "டீச்சர், நான் வந்தேன்லா?"

நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பித்துவிடுவாள். என் வேலை போய்விடும். ஏப்ரலில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். பயந்துவிட்டேன்; பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினேன்.

சத்தியநேசன் அவள் தோளிலிருந்து பையை வாங்கினார். "போதும்ட்டி நீ படிச்சது" என்றார். டி.சி. கேட்டு அங்கேயே எழுதிக் கொடுத்தார். சூப்பிரண்டு அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். வகுப்பு ஆசிரியர் சம்மதிக்க வேண்டுமாம்.

ஷெமி என் பதிலுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.