முற்றத்துக் குழாய்

ஜிம்பாப்வேயில் பிறந்து, எல்லை தாண்டி போட்ஸ்வானாவில் வாழ்க்கைப்பட்ட நொமலங்காவுக்குப் புகுந்த வீட்டில் அது முதல் காலை. புதுமருமகள் கொண்டுவரும் தண்ணீரில்தான் அன்று மாமனார் முகம் கழுவுவது வழக்கம். நல்ல பெயர் எடுக்கும் ஆசையில் ஆற்றுக்கு ஓடி, காய்ந்த மணலைத் தோண்டி, அரை வாளி கலங்கல் நீரோடு திரும்பினாள்.

மாமியார் சிரித்தாள். "முற்றத்துல குழாய வச்சிக்கிட்டு மண்ணைத் தோண்டிட்டு வர்றியா, மகாராணி?"

"அதுல தண்ணி வருமா அத்தை? எங்க ஊர்க் குழாய்ல கோழிதான் உக்காரும்."

"திறந்துதான் பாரேன்."

திறந்தாள். தெளிந்த நீர் கொட்டியது. நீட்டிய கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலிதான். அந்தப் பக்கம் அவள் அம்மா ஆயுசு முழுக்கச் சுமந்த தண்ணீர், இந்தப் பக்கம் விரல் அசைவுக்கு ஓடி வருகிறது.

திடீரென்று நினைவு வந்தது. "ஆத்துல இன்னொருத்தியும் தோண்டிட்டிருந்தா அத்தை. நம்ம மாடு மேய்க்கிறவர் சம்சாரமாம். அவ இந்த நாட்டுக்காரிதானே?"

மாமியாரின் சிரிப்பு நின்றது. "அவங்க குடிசைப் பக்கம் இன்னும் குழாய் வரலம்மா" என்றவள், குழாயை மூடிவிட்டுச் சொன்னாள்: "உன் மாமா காத்திருக்கட்டும். மொதல்ல அவள வாளியோட கூட்டிட்டு வா."