நாலாவது தோல்

"மாமி, ஊத்தாதீங்க!"

நர்கீஸ் கூடத்தைத் தாண்டி ஓடி, அத்தாவின் அக்கா அஜீஸுன்னிசா மாமியின் கையிலிருந்த கண்ணாடி ஜாடியைப் பிடுங்கினாள். விடியற்காலையில் அத்தா இறந்துபோனார். மய்யித்தைக் குளிப்பாட்ட வேண்டும். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. வீட்டிலிருந்ததையெல்லாம் மாமி வாளியில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா மய்யித்தாக் கெடக்காரு, இவளுக்கு ஒரு சொம்புத் தண்ணி பெருசாப் போச்சு!"

"அது கடத்தண்ணி மதினி." அம்மா சொன்னாள். "ஒங்க தம்பி தூத்துக்குடியிலேருந்து பஸ்ல மடியில வச்சுக் கொண்டாந்தது. கண்டக்டர் கள்ளுன்னு நெனச்சு மோந்து பாத்தானாம்."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நர்கீஸ் ஆராய்ச்சிக்கு வளர்த்த நண்டுக் குஞ்சுகளில், ஜாடியில் ஒரே ஒரு லார்வா மிஞ்சியிருந்தது. கடுகளவு உடம்பு, முதுகில் ஒரு முள், மூக்கில் ஒரு முள். நீலக்கால் நண்டா, சேற்று நண்டா? நர்கீஸுக்கு இன்னும் பிடிபடவில்லை. இதுவரை மூன்று தோல் உரித்தாகிவிட்டது. நீலக்கால் என்றால் நாலாவது தோலை உரித்ததும் கொடுக்கோடு வெளிவரும். சேற்று நண்டு இன்னொரு முறை முள்ளோடுதான் வரும். மற்றவையெல்லாம் செத்துவிட்டன. இதுவும் போனால், தெரியாமலே போய்விடும்.

இருந்த தண்ணீரில் குளிப்பாட்டி முடித்து, நண்பகல் லுஹர் தொழுகைக்கு அத்தாவைச் சுமந்துகொண்டு ஆண்கள் கிளம்பினார்கள். கலிமாச் சத்தம் பேகம்பூர்த் தெருமுனையில் தேய்ந்தது. பெண்கள் போவதில்லை.

ஒரு மணி நேரம் கழித்து நர்கீஸ் சமையலறைக்குள் போனாள். ஜாடியிலிருந்து லார்வாவை ஒரு சொட்டுத் தண்ணீரோடு சொட்டுக்குழலால் உறிஞ்சி, மேடையிலிருந்த மைக்ராஸ்கோப்பின் அடியில் கண்ணாடித் தகட்டில் விட்டாள்.

வெறும் தோல் மிதந்தது. முள்ளெல்லாம் அதில்தான் இருந்தது. உரித்துவிட்டது! தகட்டை நகர்த்தினாள். இல்லை. இன்னும் கொஞ்சம்.

கொடுக்கு. இரண்டு. திறந்து மூடின.

கூவ வந்துவிட்டது. துப்பட்டாவைக் கடித்துக்கொண்டாள். இந்த நாளில் இப்படியொரு சந்தோஷமா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது அடங்கவில்லை.

வெள்ளைச் சேலையில் அம்மா வந்து நின்றாள்.

"என்னடி, நீலக்காலா?"

நர்கீஸ் தலையாட்டினாள்.

"ஒங்கத்தா சேத்து நண்டுன்னுல்ல சாதிச்சாரு. தோத்துட்டாரா?"

"தோத்துட்டாரும்மா."

"தள்ளு, பாப்போம்."

அம்மா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். "ஏ ஆத்தி, ஆட்டுதுடி! இம்புட்டுண்டு இருந்துக்கிட்டு என்னா வீம்பு!"

தெருவில் பேச்சுக்குரல் கேட்டது. அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியிருந்தார்கள். வாசலில் செருப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

அம்மா லென்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.