ரெண்டு தடவை கேட்டேனுங்க

ரசாக் பாய்க்குப் பாட்டு என்றால் வேப்பங்காய் என்று சொல்லிவிட முடியாது. கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவர். காலையில் ஷட்டரைத் தூக்கினால், குடத்தைத் தட்டிப் பார்ப்பவர்களும் அண்டாவை உருட்டிப் பார்ப்பவர்களுமாகக் கடை மூடும்வரை காது கிழியும். வீட்டுக்குப் போனால் மின்விசிறி ஓடும் சத்தம்கூட வேண்டாம் என்றிருக்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு வாட்ஸப் குழுவில் பெரிய இசை ரசிகர் என்று பெயர் வாங்கியிருந்தார். அதற்கு முழுக் காரணம் சாமுவேல்.

சாமுவேல் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். ரசாக்கின் எதிர்வீட்டில் பல வருடம் குடியிருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் மனைவி அன்புச்செல்வியோடு மேட்டுப்பாளையத்தில் சொந்த வீட்டுக்குப் போனார். போனவருக்குப் பொழுது போக வேண்டாமா? காலையில் எழுந்ததும் தன் டேப்ரெக்கார்டரில் ஒரு பாட்டை ஓடவிட்டு, ஃபோனை அதன் பக்கத்தில் பிடித்துப் பதிவு செய்து, ரசாக்குக்கு அனுப்பிவிடுவார். கீழே ஒரு வரி இருக்கும்: ‘இப்ப இதைத்தானுங்க பாய் கேட்டுட்டிருக்கேன்.’

ஆரம்பத்தில் ரசாக் இரண்டு மூன்றைக் கேட்டார். ஒவ்வொன்றும் ரயில் மாதிரி நீளமாக இருந்தது. அதற்கப்புறம் கேட்கவில்லை. ஆனால் பதில் போடாமல் இருக்க முடியுமா? ஒருத்தர் மெனக்கெட்டு அனுப்புகிறார், வாயை மூடிக்கொண்டு இருந்தால் மரியாதையாகவா இருக்கும்? கல்லாவில் உட்கார்ந்தபடியே, ‘அருமைங்க! மனசுக்கு இதமா இருந்துச்சு. ரெண்டு தடவை கேட்டேனுங்க’ என்று தட்டிவிடுவார். ஒரு நாளைக்கு ‘அருமைங்க’, மறுநாளைக்கு ‘அற்புதமுங்க’. அதற்கு மேல் அவர் மூளையைக் கசக்கிக்கொண்டதில்லை.

இந்த வித்தை அவருக்கு இன்னொரு இடத்திலும் கைகொடுத்தது. ரேஸ்கோர்ஸில் காலையில் நடக்கிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். நடத்துகிறவர் தம்பிதுரை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால், ‘இந்த வாரம் எல்லாரும் என்ன பாட்டு கேட்டுட்டு இருக்கீங்க? பகிருங்க!’ என்று போட்டுவிடுவார். ரசாக் என்ன செய்வார்? அன்றைக்குச் சாமுவேல் அனுப்பியதை அப்படியே தூக்கிக் குழுவில் போட்டுவிடுவார். ‘பாய் ரசனையே தனி’ என்பார்கள். கும்பிடும் கைகளும் உயர்த்திய கட்டைவிரல்களுமாக வந்து குவியும். கேட்காத பாட்டுக்குக் கிடைத்த பாராட்டை ரசாக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். சாமுவேலிடமிருந்து பதிவு வந்தது. வழக்கமாகக் கீழே இருக்கும் வரி இல்லை. அதை ரசாக் கவனிக்கவில்லை. கடைக்கு வரவேண்டிய சரக்கு வண்டி வழியில் நின்றுபோன கவலையில் இருந்தார். குழுவில் போட்டார். சாமுவேலுக்கும் மறக்காமல், ‘அருமைங்க! மனசுக்கு எவ்வளவு இதமா இருந்துச்சு! ரெண்டு தடவை கேட்டேனுங்க. இது மாதிரி இன்னும் அனுப்புங்க’ என்று எழுதினார். குழுவில் கட்டைவிரல்கள் முளைத்தன. தம்பிதுரை, ‘செம பாய்’ என்றார்.

மத்தியானம் கிருபாசங்கர் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட். ‘பாய், அவரு நம்பர் கொஞ்சம் குடுங்க. நான் பேசறேன்.’ ரசாக்குக்குச் சிரிப்பு வந்தது. பாட்டு அனுப்புகிற மனிதரிடமும் பாலிசி பிடிக்காமல் விடமாட்டார் போல. சாமுவேல் பாடு, கிருபாசங்கர் பாடு என்று நம்பரை அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தார்.

புதன்கிழமை காலை நடையில் கிருபாசங்கர் வேகமாக வந்து ரசாக்கோடு சேர்ந்துகொண்டார்.

“ஏனுங்க பாய், நேத்து உங்க ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டேனுங்க. பாவம், மனுசன் ரொம்பத்தான் பயந்துபோட்டாரு. டாக்டர் பேசறப்ப என் கையைப் புடிச்சவரு விடவே இல்லீங்க.”

“எந்த ஃப்ரெண்டுங்க?”

“சாமுவேல் சாருங்க. நீங்க வர முடியாதுன்னுதானே குரூப்புல போட்டு விட்டீங்க, யாராச்சும் போகட்டும்னு? வேற யாரும் அசையலீங்க. சரி, நாமளே போலாம்னு போயிட்டேன். நல்ல வேளை, ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சுட்டாங்களாம். ஆபரேசன் பண்ணா சரியாயிருமுங்களாம்.”

ரசாக் ‘ம்’ கொட்டினார். கால் வலிக்கிறது என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். கிருபாசங்கர் வளைவைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்து, ஃபோனைக் காதில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைப் பதிவை ஓடவிட்டார்.

“பாய், நாந்தானுங்க. இது பாட்டு இல்லீங்க. மொட்டை மாடியில நின்னு பேசறேன். உங்களுக்கு ஃபோன் பண்ணா பேச்சு நீண்டுபோகும், அதுக்குள்ள அன்பு மேல வந்துருவா, அதுக்குத்தான் இப்பிடி. கொஞ்ச நாளா வயித்துல ஒரு வலிங்க. போன வாரம் கோயமுத்தூர் வந்து காட்டுனேன். குடல்ல கட்டின்னு சொல்றாங்க. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. அன்னிக்கு உங்க கடை வரைக்கும் வந்தேனுங்க. ஒரே கூட்டமா இருந்துச்சு, திரும்பிப் போயிட்டேன். செவ்வாக்கெழமை காத்தால ரிசல்ட்டு. கரண்டு கம்பத்துல ஏறுனப்பகூட இப்பிடிப் பயந்ததில்லீங்க. தனியாப் போயி அந்த டாக்டர் முன்னால உக்கார எனக்கு முடியாதுங்க பாய். நீங்க கூட வாரீங்களா? ஒண்ணும் பேச வேண்டாம், பக்கத்துல உக்காந்தாப் போதும். யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்.”

அதற்குக் கீழேயே அவருடைய பதில் இருந்தது. ‘அருமைங்க! மனசுக்கு எவ்வளவு இதமா இருந்துச்சு!’

ரசாக்குக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒருத்தன் உயிர்ப்பயத்தில் கையை நீட்டியிருக்கிறான், அதற்குக் கைதட்டி அனுப்பியிருக்கிறார். யாரிடமும் சொல்லாதே என்றதை ஊருக்கே தண்டோரா போட்டிருக்கிறார். முதலில் குழுவிலிருந்து அதை அழிக்கப் பார்த்தார். நாள் கடந்துவிட்டதால் அவரால் அழிக்க முடியவில்லை. தம்பிதுரையைக் கூப்பிட்டார்.

“தம்பிதுரை, ஞாயித்துக்கெழமை நான் போட்டதைக் கொஞ்சம் எடுத்துருங்க.”

“ஏனுங்க பாய்? நல்ல பாட்டாச்சுங்களே!”

‘எடுத்துருங்க’ என்று மறுபடி சொல்லிவிட்டு ரசாக் ஃபோனை வைத்தார். தம்பிதுரையும் அவர் ஜாதிதான். ஒரு குழு முழுக்க அவர் மாதிரி ஆட்கள், அதில் ஒருத்தர் மட்டும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். பாலிசிக்காக அலைகிறார் என்று இளக்காரமாக நினைத்த அந்த மனிதர்.

அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. காந்திபுரம் போய் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினார். காரமடை வருவதற்குள் பல பொய்களைத் தயார் செய்துவிட்டார். ஃபோன் கெட்டுப்போயிருந்தது என்று சொல்லலாம். மருமகன் தவறுதலாக அனுப்பிவிட்டான் என்று சொல்லலாம். ஒவ்வொன்றும் அவருக்கே அசிங்கமாகப் பட்டது. இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சாமுவேல் வாசலுக்கே வந்துவிட்டார். ஆள் இளைத்திருந்தார். ரசாக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“வாங்க பாய், வாங்க. அன்புகிட்ட நேத்து சாயந்தரமே எல்லாம் சொல்லிப்போட்டேனுங்க. அழுதா, அப்பறம் தெளிஞ்சுட்டா.” உள்ளே தோசை ஊற்றும் சத்தம் கேட்டது. முன்னறையில் உட்கார வைத்து, குரலைத் தாழ்த்திச் சிரித்தார். “இருந்தாலும் உங்க மூளை யாருக்கும் வராதுங்க பாய். அந்தப் பதிலைப் பார்த்ததும் மொதல்ல எனக்கு ஒண்ணும் புரியலை. என்றா இது, நாம என்ன சொன்னோம், இவரு அருமைங்கறாருன்னு மனசு ஒடிஞ்சுபோச்சு. அன்னிக்கு சாயந்தரமே கிருபாசங்கர் கூப்பிட்டு, ‘ரசாக் பாய் அனுப்புனாருங்க, செவ்வாக்கெழமை நான் கூட வாரேன்’னாரு. அப்பத்தான் வெளங்குச்சு. என்ற ஃபோனை அன்பு எடுத்துப் பார்த்தாலும் சந்தேகம் வரக்கூடாதுன்னுதானே அப்பிடி எழுதுனீங்க?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்கூட அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். இந்த நன்றியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால், அது ஆயுளுக்கும் உறுத்தும்.

“சாமுவேல், நான் அதைக் கேக்கவே இல்லீங்க.”

“எதைங்க?”

“நீங்க பேசி அனுப்புனதை. பாட்டுன்னு நெனச்சு குரூப்புல தூக்கிப் போட்டுட்டேன். கிருபாசங்கர் நம்பர் கேட்டப்ப, பாலிசி போடச் சொல்லத்தான் கேக்கறாருன்னு குடுத்தேன். இன்னிக்குக் காத்தாலதான் கேட்டேனுங்க.”

சாமுவேல் கைகளை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

“ரெண்டு தடவை கேட்டேன்னு எழுதியிருந்தீங்க.”

“எப்பவும் அப்பிடித்தானுங்க எழுதுவேன்.”

“அப்ப மத்த பாட்டெல்லாம்?”

“ஆரம்பத்துல ரெண்டு மூணு கேட்டேனுங்க. அப்பறம் இல்லீங்க.”

“உங்க பையன் ஊட்டை உட்டுப் போயிட்டான்னு நீங்க அழுதுட்டு இருந்தப்ப அனுப்புனேனே, அதுவுமுங்களா? தேடித் தேடி எடுத்தேனுங்க அதை. தூக்கம் வந்துச்சு, மனசு ஆறுச்சுன்னு பதில் போட்டிருந்தீங்க.”

“அதுவுந்தானுங்க.”

திட்டியிருந்தால் ரசாக் தாங்கியிருப்பார். சாமுவேல் சாதாரணமாகச் சொன்னார்:

“நீங்க இதைச் சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க பாய்.”

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நம்பிச் சொன்னவர் ரசாக். இறங்கியது உண்மைதான். எதிரில் உட்கார்ந்திருந்தவர் தலையில் இறங்கியிருந்தது. ஏற்கெனவே அவர் சுமக்கிறது போதாதா? வலியோடு இருக்கிறவரிடம் வந்து, இத்தனை நாள் நீ சுவரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று சொன்னதைப் போல ஆகிவிட்டது. ரசாக்குக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“ஆபரேசனுக்கு நான் கூட வாரேனுங்க,” என்றார் அவசரமாக. “கடையைச் சாத்திப்போட்டு வாரேன். வீட்டுக்குப் போற வரைக்கும் அங்கயே இருக்கறேன்.”

“வேண்டாமுங்க. கிருபாசங்கர் வாரேன்னுட்டாரு. அவரே வரட்டும்.”

அன்புச்செல்வி தட்டில் தோசையும் தக்காளிச் சட்னியும் கொண்டுவந்து ரசாக்கின் முன்னால் வைத்தார். அழுது வீங்கிய கண்கள். ஆனாலும் முகத்தில் சிரிப்பு இருந்தது.

“சாப்பிடுங்கண்ணா. நீங்க வந்ததே எங்களுக்கு எத்தனை தெம்பு தெரியுங்களா? இந்த மனுசன் என்றகிட்டகூடச் சொல்லாம மறைச்சுப்போட்டாரு. நீங்க மட்டும் அந்தத் தம்பியை அனுப்பாம இருந்திருந்தா, தனியாத்தான் போயி நின்னிருப்பாரு. நெனச்சாலே எனக்குப் பதறுது. நீங்கதானுங்கண்ணா அனுப்புனீங்க?”

ரசாக் கையைத் தட்டிலிருந்து எடுத்தார். “இல்லீங்க அம்மணி, நான் வந்து...”

“பாய்தான் அனுப்புனாரு, அன்பு,” என்றார் சாமுவேல். ரசாக்கின் முகத்தை அவர் பார்க்கவில்லை. “அவருக்குக் கடையில வேலை இருந்துச்சு, வர முடியலை. அதான் ஆளை அனுப்பிவெச்சாரு.”

அன்புச்செல்வி இன்னொரு தோசை கொண்டுவர உள்ளே போனார். சாமுவேல் சட்னிக் கிண்ணத்தை ரசாக்கின் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

“சாப்பிடுங்க பாய். ஆறிப்போகுது.”

ரசாக் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்.