ஒருவனுக்கு நால்வர்

கணவனைப் பறிகொடுத்தவள் எப்படி அழவேண்டுமோ அதைவிட ஒருபடி கூடுதலாகவே டாபிதா அழுதாள். நகரத்து ராணுவ முகாமில், கேப்டன் ராண்டலின் மேஜையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுததைப் பார்த்து, காவலுக்கு நின்ற சிப்பாய்கூட மூக்கைச் சிந்தினான். மேஜைமேல் அவள் புருஷன் ஆம்ப்ரோஸின் கோட்டு கிடந்தது. முதுகில் குண்டு துளைத்த ஓட்டை, சுற்றிலும் காய்ந்த ரத்தம். சுட்டவர்கள் உடலை ஆற்றில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள் என்றாள்.

அந்தக் கோட்டில் சுட்டது ஆம்ப்ரோஸேதான். ரத்தம் பன்றியுடையது. குளிர் இறங்கியதும் கென்டக்கியில் வீட்டுக்கு வீடு பன்றி அடிப்பார்கள். அந்த நாட்களில் ஒரு வாளி ரத்தம் எங்கே போனது என்று எவரும் விசாரிப்பதில்லை.

அமெரிக்காவில் வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் சண்டை மூண்டபோது, எனக்கு யார் பக்கமும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தது கென்டக்கி. அந்தப் பேச்சு ஒரு கோடைகாலம் தாங்கியது. பிறகு மாநிலம் வடக்கோடு நின்றது, பிள்ளைகளில் ஒரு பகுதி தெற்குப் படையில் போய்ச் சேர்ந்தது. ஆம்ப்ரோஸ் வடக்கின் கட்சி. கடைவாசலில் உட்கார்ந்து, தெற்கத்தியான் ஒருத்தனையும் விடக்கூடாது என்று வாய் கிழியப் பேசுவான். மூன்று வருஷம் அப்படிப் பேசினான். கட்டாய ஆள் சேர்ப்பில் சீட்டுக் குலுக்கி அவன் பெயர் வந்த அன்று வாய் ஒட்டிக்கொண்டது. வசதி படைத்தவன் தனக்குப் பதில் இன்னொருவனை அனுப்பினான். ஆம்ப்ரோஸுக்கு அந்த வசதி இல்லை, மூளை மட்டும் இருந்தது.

"கொரில்லாக்காரங்க கொன்னுட்டாங்கன்னு போய்ச் சொல்லு, டாபி. செத்தவனை எவன் பட்டாளத்துக்குக் கூப்பிடுவான்?" என்றான்.

காட்டில் ஒளிந்திருந்து தாக்கும் தெற்குக் கொரில்லாப் படையினர் அப்போது அந்தப் பக்கம் ஊர் ஊராகக் குதிரையும் உயிரும் பறித்துக்கொண்டிருந்தார்கள். செய்த பாவத்தோடு செய்யாததும் ஒன்று சேரட்டுமே என்று டாபிதாவும் நினைத்தாள். ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் பின்னால் தோப்பைத் தாண்டி, சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கும் குகையில் போய்ப் படுத்துக்கொண்டான். அவள் தினமும் சோள ரொட்டியும் வறுத்த பன்றியிறைச்சியும் கொண்டுபோனாள். போர் முடிந்ததும் பக்கத்து மாநிலமான இண்டியானாவுக்குப் போய்ப் புதுப் பெயரில் பிழைப்பதாகத் திட்டம். அவளுக்குக்கூட அது ஒரு விளையாட்டுப் போலத்தான் இருந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் சிப்பாய்கள் வந்தார்கள். நடுவில் ஒரு வண்டி. வண்டியில் கை கட்டப்பட்ட நான்கு பேர்.

கேப்டன் ராண்டல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறங்கினான். "அம்மா, உங்க புருஷன் ரத்தத்துக்குப் பதில் கொண்டு வந்திருக்கேன். உங்க நிலத்துலயேதான் நடக்கணும்னு உத்தரவு. நீங்க பார்க்க வேணாம்னா உள்ள போயிடுங்க."

டாபிதா வண்டியை எட்டிப் பார்த்தாள். செய்யாத கொலைக்கு யாரைப் பிடித்தார்கள்? "இவங்கதான் கொன்னதுன்னு யாருய்யா சொன்னது?"

"இவங்க கொன்னாங்கன்னு நான் சொல்லலியே. இவங்க சண்டையில பிடிபட்ட கைதிங்க. நம்ம ஆளு ஒருத்தனைக் கொரில்லாக்கள் கொன்னா கைதிங்கள்ல நாலு பேரைச் சுடணும். கோடையிலேயே போட்ட உத்தரவு. ஊருல தண்டோரா போட்டாங்களே, கேக்கலியா?"

கேட்டிருந்தாள். கொரில்லாவைப் பிடித்தால் சுடுவார்கள் என்று புரிந்துகொண்டிருந்தாள். அவள் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தது. வேறு எப்படிப் புரிந்துகொள்வது? மனுஷன் புத்திக்கு எட்டுகிற காரியமா இது?

பக்கத்துப் பண்ணைக் கெசியா வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். அவள் தம்பி தெற்குப் படையில் இருந்து பிடிபட்டு எங்கோ சிறையில் கிடந்தான். வண்டியருகே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தம்பி இல்லை. "அப்பாடி" என்று தரையில் உட்கார்ந்தவள், அந்த நாலு பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டாபிதா தண்ணீர் கொண்டுபோய் ஒவ்வொருவர் வாயிலும் வைத்தாள். பாதி அவர்கள் சட்டையில் கொட்டியது. கடைசியில் இருந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும், நரைத்த தாடி, விடாத இருமல்.

"உங்க பேரு?"

"லெவி டன்கன். இதே கென்டக்கிதாம்மா, மேற்குப் பக்கம். பிடிச்சு ஒரு வருஷம் ஆச்சு. ஜெயில்ல தொப்பிக்குள்ள சீட்டைப் போட்டு எடுக்கச் சொன்னாங்க. வேற ஜெயிலுக்கு மாத்தறாங்கன்னு நெனச்சு, நான்தான் முந்திக்கிட்டு எடுத்தேன்." அவன் இருமி முடித்தான். "உங்க வீட்டுக்காரரு நல்ல மனுஷரா?"

டாபிதா அவன் தாடியில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள்.

"நல்லவருன்னு சொல்லுங்கம்மா. ஒரு நல்ல ஆளுக்காகப் போறோம்னாவது இருக்கட்டும்."

அவள் குவளையைக் கீழே போட்டுவிட்டுக் கேப்டனிடம் ஓடினாள். கொட்டகைக்குப் பின்னால் அவனை இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். சொன்னால் ஆம்ப்ரோஸைப் பட்டாளத்துக்குத் தப்பி ஓடியவன் என்று கட்டிவைத்துச் சுடலாம். சொல்லாவிட்டால் நாலு பேர். கணக்குப் போடவெல்லாம் அவளுக்கு நேரமில்லை.

"ஐயா, என் புருஷன் சாகலை. உசுரோட இருக்காரு. பட்டாளத்துக்குப் பயந்து நாங்க ரெண்டு பேரும் பொய் சொன்னோம். அது பன்னி ரத்தம்யா!"

ராண்டல் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். அந்தப் பரிதாபம்தான் அவளை அதிரவைத்தது. "போன மாசமும் இப்படித்தான் ஒரு அம்மா, கொரில்லா கொல்லலை, புருஷன் காய்ச்சல்ல செத்தான்னு சொன்னாங்க. அதுக்கு முந்தி ஒருத்தங்க, கால் வழுக்கி விழுந்தாருன்னாங்க. கைதிங்களை நேரா பார்த்ததும் எல்லாருக்கும் மனசு இளகிடுது. இல்லேன்னா தெற்குக் கட்சிக்காரங்க மிரட்டியிருப்பாங்க. யாரு மிரட்டினது, சொல்லுங்க."

"யாரும் மிரட்டலைய்யா. தோப்புக்குப் பின்னால குகையில இருக்காரு. ஒரு ஆளை அனுப்புங்க!"

"காட்டுக்குள்ள ஆளை அனுப்பி, ஒளிஞ்சிருக்கற கொரில்லாவுக்குப் பலி குடுக்கவா? என்னை அவ்வளவு முட்டாள்னு நெனச்சீங்களா? உசுரோட இருந்தா நீங்களே கூட்டிட்டு வாங்க. குழி தோண்டி முடியற வரைக்கும் நிக்கறேன்."

குழி தோண்டும் சத்தம் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது. மழை பெய்து இளகிய மண். டாபிதா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தோப்பில் இரண்டு முறை விழுந்தாள். குகை வாயிலில் நின்று கத்தும்போது அவளுக்கு மூச்சு இல்லை.

"ஏங்க! வெளிய வாங்க! நாலு பேரைச் சுடப் போறாங்க, நீங்க செத்ததா நெனச்சு! வந்து முகத்தைக் காட்டுங்க, விட்டுருவாங்க!"

ஆம்ப்ரோஸ் இருட்டிலிருந்து பாதி வெளியே வந்தான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். "எந்த நாலு பேரு?"

"கைதிங்க. ஒரு பாவமும் அறியாதவங்க. சீக்கிரம் வாங்க!"

"தெற்கத்தியானுங்களா?"

"அதுல என்ன இருக்கு இப்ப?"

"போடி பைத்தியக்காரி. நான் போய் நின்னா என்னையில்ல சுடுவான்? அவனுங்க உனக்கு மாமனா, மச்சானா?"

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் பாறையைப் பிடித்துக்கொண்டான். சட்டைக் கையைப் பிடித்துத் தொங்கினாள், கெஞ்சினாள், பிள்ளை பிறக்காத குறையைச் சொல்லிக்கூட அழுதாள். இந்த முறை அழுகை நடிப்பில்லை. ஆனால் நடித்ததற்கு இருந்த மரியாதை இதற்கு இல்லை. அவன் அவளைத் தள்ளிவிட்டான்.

அப்போது வெடிச்சத்தம் கேட்டது. ஒரே சத்தமாக வந்தது. தோப்பிலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பின. டாபிதா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இது நடக்கவே நடக்காது என்று கடைசி நொடிவரை நம்பியிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

ஆம்ப்ரோஸ் காதைத் தீட்டிக் கேட்டான். பிறகு மெதுவாக மூச்சுவிட்டான். "சரி, முடிஞ்சது. ஒரு விதத்துல நல்லதுதான் டாபி. எனக்காக நாலு பேரைச் சுட்டிருக்கான். இனிமே நான் செத்துட்டேன்னு எவனும் சந்தேகப்பட மாட்டான்." அவள் கையைப் பார்த்தான். "ரொட்டி கொண்டு வரலியா?"

டாபிதா எழுந்து நடந்தாள். அவன் பின்னாலிருந்து ஏதோ சொன்னான், அவள் காதில் வாங்கவில்லை.

சிப்பாய்கள் போய்விட்டிருந்தார்கள். குழியை அரைகுறையாகத்தான் மூடியிருந்தார்கள். ஒரு கை வெளியே தெரிந்தது. அவளும் கெசியாவும் மண் அள்ளிப் போட்டார்கள், மறுநாளும் போட்டார்கள். நாய் தோண்டாமல் இருக்க ஓடையிலிருந்து கல் கொண்டுவந்து அடுக்கினார்கள். கெசியா தேம்பித் தேம்பி அழுதாள், "உன் புருஷன் ஆத்மா சாந்தியடையட்டும்டி" என்று வேறு சொன்னாள். டாபிதா அடுத்த கல்லுக்காக ஓடைக்குப் போனாள். குகைப் பக்கம் மட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் கல் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஆம்ப்ரோஸ் தோப்பிலிருந்து வந்தான். கெசியாவை அவன் முதலில் கவனிக்கவில்லை. பசி கண்ணை மறைத்திருந்தது.

"என்னடி, மூணு நாளா ஆளையே காணோம்? பசி உசுரு போகுது!"

கெசியா கையிலிருந்த கல்லை நழுவவிட்டாள். "ஐயோ! யாருடி இது? யாருடி இது, டாபி?"

டாபிதா நிமிர்ந்து பார்த்தாள். குரல் உயரவில்லை. "என்கிட்ட எதுக்குச் சொல்ற? இங்க நாலு பேரு படுத்திருக்காங்க. பசிக்குதுன்னு இவங்ககிட்டச் சொல்லு."

கெசியா அவனைப் பார்த்தாள், கல் குவியலைப் பார்த்தாள், டாபிதாவைப் பார்த்தாள். மெல்ல மெல்ல அவள் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, முகாம் இருக்கும் நகரத்துப் பாதையில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள்.

"டாபி! அவளைப் பிடிடி! கூப்பிடுடி அவளை!" என்று ஆம்ப்ரோஸ் கத்தினான்.

டாபிதா குனிந்து, கெசியா நழுவவிட்ட கல்லை எடுத்து லெவி டன்கனின் பக்கத்தில் வைத்தாள்.