அண்ணி நீலம் பூச மறுத்த கடல்

1.

இந்தக் கதையை அண்ணியிடமிருந்து திருடினேன். அது அவருக்கும் தெரியும். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "அறிவியல்ல மட்டும் கை வைக்காத. மத்தபடி என்னை எவ்வளவு அழகா வேணும்னாலும் எழுதிக்கோ."

முதல் தொடக்கம்: 'எல்லையற்ற வெண்பனிப் பரப்பின் பேரமைதியில்…'

(வேண்டாம். நான் பார்த்த ஒரே பனி ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருப்பதுதான்.)

இரண்டாவது தொடக்கம்: நிறைமாத வயிறு மேசையில் இடிக்காதபடி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, அண்ணி அலுவலகத்தில் கடல்பனி வரைபடத்தை முறைத்துக்கொண்டிருந்தார். இது நடந்தது. இதையே வைத்துக்கொள்வோம்.

2.

(கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கடலும் பனியும் தம்பாட்டுக்கு நுண்ணலைகளை வெளிவிடுகின்றன, வெவ்வேறு அளவில். செயற்கைக்கோள் அவற்றை அளக்கிறது. இருட்டும் மேகமும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அளந்ததைக் கட்டம் கட்டமாக வரைந்தால் பனி வெள்ளை, கடல் நீலம். அதைச் சரிபார்த்துக் கப்பல்களுக்கு அனுப்புவது அண்ணியின் வேலை.

அன்று காலை, முந்தின நாள்வரை வெள்ளையாக இருந்த ஒரு கடல்பாதை முழுக்க நீலமாகியிருந்தது. அந்த வழியாக வரக் காத்திருந்த சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்ப்பவர் என் அண்ணன். நீலம் என்றால் குழந்தை பிறப்பதற்குள் வந்துவிடுவார். வெள்ளை என்றால் சுற்றுவழி. குழந்தை முந்திக்கொள்ளும்.

3.

அண்ணி மகிழ்ச்சியில் துள்ளி…

(அந்த வயிற்றோடு எப்படித் துள்ளுவது?)

அண்ணிக்குச் சந்தேகம் வந்தது. அன்று மாலை வீட்டில் என்னிடம் சொன்னார்.

"நீலம்னுதானே வந்திருக்கு அண்ணி? பேசாம அனுப்பியிருக்கலாமே."

"வெயில் காலத்துல உருகின தண்ணி பனி மேலயே தேங்கி நிக்கும். செயற்கைக்கோளுக்கு மேல இருக்கற தண்ணிதான் தெரியும், கீழ கிடக்கற பனி தெரியாது. குளியலறைத் தரையில தண்ணி நின்னா குளம்னு சொல்லுவியா?"

"அப்போ அது பனிதான், உறுதி?"

"உறுதின்னு சொல்ல மாட்டேன். நேத்து கெட்டியா இருந்துச்சு, காத்தும் அடிக்கல, ஒரே நாள்ல எங்க போயிடும்? மேகம் விலகினாத்தான் சாதாரண கேமராவுல பாக்க முடியும்."

வெள்ளை பூசித்தான் அனுப்பியிருந்தார். பிறகு கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாராம். (இதை எழுதாதே என்றார். எழுதிவிட்டேன். எனக்கு இருக்கிறது இன்றைக்கு.)

4.

முடிவுகள்:

அ) மேகம் விலகுகிறது. பனி. அண்ணி வாழ்க! (பரிசளிப்பு விழா வாடை அடிக்கிறது.)

ஆ) மேகம் விலகுகிறது. கடல். அண்ணன் வீணாகச் சுற்றி… (கை வரவில்லை.)

இ) கதாசிரியன் என்ற உரிமையில் நானே பனியை உருக்கி அண்ணனைக் கூட்டிவருகிறேன். அண்ணி இதைப் படித்துவிட்டுத் தலையணையை வீசினார். "நீ பேப்பர்ல உருக்குவ. அங்க உங்க அண்ணன் கப்பல் போய் மோதும்!"

5.

நான்காவது முடிவை யோசிக்கும்போதே அண்ணன் கப்பலிலிருந்து அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணி எதிரே சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

(அவசர அடிக்குறிப்பு: போன வாரமே விடுப்பு எடுத்துவிட்டதாக அண்ணனிடம் அண்ணி புளுகியிருக்கிறார். வரைபடத்தில் யார் பெயரும் இருக்காது.)

"டேய், சுத்திக்கிட்டு வரோம்டா. எவனோ ஒரு புண்ணியவான் பனின்னு போட்டுட்டான். அவனுக்குப் பொண்டாட்டி புள்ள இருந்தா இப்படிப் பண்ணுவானா? அவன் யாருன்னு உங்க அண்ணியக் கேட்டு வை. வந்து நாலு கேள்வி கேக்கணும்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். கண்ணில் நீர் வழிகிறது. தலையை வேறு ஆட்டுகிறார். சொல் என்கிறாரா, சொல்லாதே என்கிறாரா, ஒன்றும் விளங்கவில்லை.

"டேய், லைன்ல இருக்கியா?"

இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், உங்களுக்கும் அவர் அண்ணன்தான். இந்தாருங்கள் போன், நீங்களே பேசுங்கள்.