முள் இல்லாத கால்கள்

மகளின் வைத்தியத்துக்காகக் கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருந்த திரவியத்துக்கு மாதம் ஒருமுறை வன்னியில் நெடுங்கேணியிலிருந்து ஒரு பொட்டலம் வரும். உப்பும் மஞ்சளும் பூசிக் காயவைத்த காட்டுக்கோழி வத்தல். வவுனியா லொறிக்காரன் ஹியூபேட்தான் கொண்டுவருவான். சண்டையால் தபால் நின்று ஐந்து மாதம். கணவன் இரத்தினசிங்கம் உயிரோடிருக்கிறார் என்பதற்கு அந்தப் பொட்டலத்தை விட்டால் அவளிடம் வேறு சாட்சி கிடையாது.

கண்ணி வைப்பவர்கள் வத்தலில் காலை வெட்டாமல் விடுவார்கள். பின்புறத்தில் நீண்ட முள் இருந்தால் முற்றிய சேவல். பெட்டைக்கு முள் இராது; அகப்பட்டால் அவிழ்த்துவிட வேண்டும். விட்டதற்கு அத்தாட்சிதான் அந்தக் கால். "தீன் போடாமல் வளருற கோழி. பெட்டையிலே கை வைச்சால் வாற வருசம் சட்டியிலே தண்ணிதான் கொதிக்கும்" என்பார் இரத்தினசிங்கம். திரவியம் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது, பத்தியக் கறிக்கென்று அகப்பட்ட ஒரே பெட்டையையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்த மனிதர். மூன்று நாள் அவரோடு அவள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இந்த முறை பொட்டலத்தைப் பிரித்தவள் கால்களைத் தடவினாள். திரும்பவும் தடவினாள். நான்கும் வழுவழுவென்றிருந்தன.

"ஹியூபேட் தம்பி, இதை ஆர் தந்தது?"

"அண்ணைதான் அக்கா. வேறை ஆர்?"

"எப்பிடியிருக்கிறார்?"

"கொஞ்சம் மெலிவு. அதுவும் ஆளுக்கு வடிவாத்தான் இருக்கு. நான் வரட்டே, லொறி ஒருகொடவத்தையிலே நிக்குது."

அவள் ஒரு காலை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"முள்ளு இருக்கோ, பாரும்."

அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் செருப்பை மாட்டப்போன காலை இழுத்துக்கொண்டான்.

"போன மாசம் ஆமி அடிச்ச செல் விழுந்ததக்கா. மாட்டைத் தேடிப் போனவர். பிள்ளைக்கு ஒப்பரேசன் முடியுமட்டும் சொல்லவேண்டாமெண்டு பூபாலசிங்கம் அண்ணைதான் இதைக் கட்டித் தந்தவர்."

பூபாலசிங்கம் இரத்தினசிங்கத்தின் தம்பி. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், காட்டுப் பக்கம் போகாதவன். எங்கேயோ வாங்கிய பெட்டைகளை அண்ணன் செய்கிற மாதிரியே காலோடு காயவைத்திருக்கிறான். கால் எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

அறைக்குள்ளிருந்து மகள் வதனி கூப்பிட்டாள். வியாழக்கிழமை அவளுக்கு இருதயத்தில் ஒப்பரேசன்.

"அம்மா, அப்பான்ர பொட்டலமோ? முள்ளைக் கொண்டுவாங்கோ."

ஒவ்வொரு மாதமும் வருகிற முட்களை அவள் பிஸ்கட் தகரத்தில் சேர்த்து வைத்திருந்தாள். தகரம் குசினி அலுமாரித் தட்டில் இருந்தது. திரவியம் அதைச் சத்தமில்லாமல் திறந்து, அடியில் கிடந்த பழைய முள் ஒன்றை எடுத்தாள். சீலைத் தலைப்பில் துடைத்து, கொஞ்சம் மஞ்சள் பூசி, கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வதனி அதன் நுனியைக் கன்னத்தில் அழுத்திப் பார்த்தாள்.

"போன முறையிலும் பார்க்கப் பெரிசம்மா."

"ஓம்" என்றாள் திரவியம். "அப்பா பாத்துத்தான் பிடிச்சிருப்பார்."