மண் போடும் வரை

குளிப்பாட்டும் பலகை வீட்டுக்குள் போனதும் ஃபாயிசா பின்வாசல் வழியாக வண்டிக் கொட்டகைக்கு வந்தாள். அத்தாவின் பழைய ஹெரால்டு காரின் பானெட்டுக்கு இரண்டு பக்கமும் வெளியே கொக்கி. விடுவித்து, முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்தாள். அத்தா இருந்திருந்தால் ‘மெதுவா, மெதுவா’ என்று கூடவே நின்றிருப்பார். அவரை உள்ளே நாலு பேர் சேர்ந்து குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கிளிப்புகளை நெம்பி, மூடியைத் தூக்கி, உள்ளேயிருந்த ரோட்டரைப் பிடுங்கினாள். கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புச் சாமான். அது இல்லாவிட்டால் ப்ளக்குக்குக் கரண்ட் போகாது. எவன் சாவி போட்டுத் திருகினாலும் வண்டி கிளம்பாது. வெளியூர் போகும்போதெல்லாம் அத்தா இதைத்தான் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். அவள் அதைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு, மூடியை முன்போலவே மாட்டி, பானெட்டை இறக்கினாள்.

குவைத்திலிருந்து உமைர் காலையிலேயே அழுதபடி போன் செய்திருந்தான். “டிக்கெட் கிடைக்கலக்கா. எனக்காக வைக்காதீங்க, அசர் தொழுகைக்கு எடுத்துடுங்க.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்தக் கார் கூட்டம் வரும். வண்டி மேல ஒரு கண்ணு வச்சுக்கோ” என்றான்.

தம்பி சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

உப்பளக்காரர் கலியனின் உப்புக் கொட்டகையில் கோணி மூட்டைகளுக்கு அடியில் அரித்துப்போய்க் கிடந்த வண்டி அது. கதவைத் திறந்தால் கீழே தரை தெரியும். வளைகுடாவிலிருந்து திரும்பிய அத்தா அஹமது கபீர், கடையைத் திறக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இந்த வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். கடை திறக்கவேயில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தால் கூட்டம் சேர்ந்துவிடும். கலியன் வருவார். ஆரோவில் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பிரபு வருவான். கிளியனூரிலிருந்து பஞ்சநாதன் வருவார். வந்தவர்களுக்கெல்லாம் அம்மா சோறு போட்டாள். நாலு கதவு இருந்தால் இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ, நல்லவேளை ரெண்டு கதவு வண்டி என்று அவள் முணுமுணுப்பாள். அந்த இரண்டு கதவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது ஃபாயிசா. கல்யாணமாகி, புருஷன் ஷார்ஜாவுக்குப் போய், அவள் இங்கேயே தங்கிவிட்டதில் அத்தாவுக்கு ஒரு கையாள் கிடைத்தது. இனி இந்த வீட்டில் அத்தாவோடு அவள் சேர்ந்து செய்தது என்று காட்ட அந்த வண்டி ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கொடுக்க அவளால் முடியாது.

பிரபுவும் கலியனும் போகட்டும். அவளுக்குப் பஞ்சநாதன் மேல்தான் சந்தேகம். அவரும் ஒரு ஹெரால்டு வைத்திருந்தார். போன வருஷம் இங்கே கொட்டகையில் இருந்த வைப்பர் மோட்டார் ஒருநாள் காணாமல் போய், அவர் வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது. ‘நான்தான் குடுத்தேன்’ என்றார் அத்தா. கேட்டால் யாருக்கும் எதையும் கொடுத்துவிடுகிறவர், கொடுக்காததையும் கொடுத்தேன் என்று சொல்லக்கூடியவர். போன வாரம் டீ எடுத்துக்கொண்டு வந்தபோது அவளே காதால் கேட்டாள்.

“பாய், உங்களுக்கப்புறம் இந்த வண்டி எங்கிட்ட வரட்டும்.”

அத்தா சிரித்துக்கொண்டே டீயை வாங்கிக்கொண்டார். நேற்று மாலையும் அந்த மனிதர் வந்து நெடுநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். விடிவதற்குள் அத்தா போய்விட்டார்.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு மூன்று பேரும் வந்தார்கள். தெருவில் நாற்காலி போட்டிருந்ததால் பஞ்சநாதன் தன் வண்டியை உப்பளக் கரையோரம் வேலிகாத்தான் நிழலில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மய்யித்தின் தலைமாட்டில் நின்றார்கள். கலியன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். பஞ்சநாதன் அழவில்லை. ஃபாயிசா அதையும் கவனித்து வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் கொட்டகைப் பக்கம் நகர்ந்தார்கள். அவளும் பின்னாலேயே போய் வாசலில் நின்றாள்.

“பாப்பா, வண்டி சாவி எங்கம்மா இருக்குது?” என்றார் பஞ்சநாதன்.

“எதுக்கு அங்கிள்?”

“எங்களுக்குள்ள ஒரு பழக்கம்மா. நம்மள்ல ஒருத்தர் போயிட்டா, அவர் வண்டி அவர் பின்னாடியே போகணும். மண்ணு போட்டு முடிக்கிற வரைக்கும் இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கணும். திண்டிவனம் திருமுருகன் போனப்ப உங்க அத்தாதான் ஓட்டிக்கிட்டு வந்தார். சொல்லலியா உங்ககிட்ட?”

சொல்லவில்லை. திண்டிவனத்தில் ஒரு சாவு என்று போய்விட்டு வந்து, ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் படுத்திருந்தது மட்டும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

“அவரோட வண்டி இப்ப யார்கிட்ட இருக்குது?”

பஞ்சநாதன் கரைப் பக்கம் கை காட்டினார். “எங்கிட்டதாம்மா. நான் ஓட்டிக்கிட்டு வர்றது அதான்.”

அப்படிச் சொல்லுங்க என்று நினைத்துக்கொண்டாள். பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போவது, அப்படியே கிளியனூருக்குக் கொண்டுபோய்விடுவது. நல்ல பழக்கம்தான்.

“பள்ளி ஹஜ்ரத்துகிட்ட கேட்டுட்டீங்களா?”

“கேட்டுட்டோம்மா” என்றான் பிரபு. “ஹாரன், ஆடம்பரம் எதுவும் வேணாம், பின்னால வர்றதுல தப்பில்லன்னு சொல்லிட்டார்.”

அவள் உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்ததால் ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை.

பிரபு உட்கார்ந்து திருகினான். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. சோக்கை இழுத்துவிட்டு மறுபடி திருகினான். அதற்குள் வீட்டுக்குள் அழுகைச் சத்தம் கூடியது. கஃபன் துணி கட்டுகிறார்கள், முகம் மூடப் போகிறார்கள். பெண்கள் அவளைக் கூப்பிட்டார்கள். ஃபாயிசா ஓடிப்போய் அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் பஞ்சு, சீவிய தாடி. அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, கொட்டகைச் சத்தம் நின்றுவிட்டதே என்று மறுபடி ஓடி வந்தாள். அத்தாவின் முகத்தை முழுசாகப் பார்க்கக்கூட அந்த வண்டி அவளை விடவில்லை.

பானெட் திறந்திருந்தது. பிரபு கையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி.

“ரோட்டர் இல்லண்ணே.”

தானாகக் கழன்று விழுகிற சாமான் இல்லை அது. வண்டி தெரிந்த கைதான் எடுக்க வேண்டும். அது தெரிந்தவர்கள் என்று அங்கே நின்றது மூன்று பேர். கொட்டகை வாசலில் துப்பட்டாவோடு நின்ற பெண்ணை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

கலியன் மெல்லத் திரும்பினார். “பஞ்சு, நேத்து சாயங்காலம் வந்தது நீதானே?”

“வந்தேன். அதுக்கு?”

“அவர் படுத்திருந்தார். நீ மட்டும் கொட்டகைக்கு வந்தியாம்?”

“பார்க்க வந்தேம்பா.”

“வைப்பர் மோட்டாரையும் இப்படித்தான் பார்த்தியா?”

பஞ்சநாதனின் முகம் வெளுத்துவிட்டது. பிரபு தரையைப் பார்த்தான். ஃபாயிசாவுக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் என்ன ஆகும்? முற்றத்தில் ஜமாஅத்து முழுக்க உட்கார்ந்திருக்கிறது. மய்யித்து வீட்டில் மகள் செய்கிற வேலையா இது என்பார்கள். சொல்லிவிட்டால் வண்டியும் கிளம்பிவிடும். அவள் துப்பட்டா முனையை இறுக்கிப் பிடித்தாள்.

பஞ்சநாதன் நிமிர்ந்தபோது அவர் கண் அந்தக் கையில் வந்து நின்றது. வெள்ளைத் துப்பட்டா. முடிச்சைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய் ஊறியிருந்தது. அவள் விரல் நுனியிலும் கரி. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் அங்கேயே அழுதிருப்பாள்.

“ஆமா, நான்தான் எடுத்தேன்” என்றார். “சுத்தம் பண்ணி மாட்டலாம்னு. என் வண்டியிலதான் கிடக்குது. எடுத்துட்டு வர்றேன்.”

“சீ” என்றார் கலியன். “உசுரோட இருக்கறப்பவேவாடா?”

பஞ்சநாதன் கரைப் பக்கம் நடந்தார். வேலிகாத்தான் நிழலில் அவருடைய பானெட் திறப்பது இங்கிருந்தே தெரிந்தது. கலியனும் பிரபுவும் அந்தப் பக்கம் முகத்தைக் காட்டாமல் நின்றார்கள். அவர் திரும்பி வந்து ரோட்டரைப் பிரபுவின் உள்ளங்கையில் வைத்தார். ஒரு திருகுக்கே வண்டி பிடித்துக்கொண்டது. பிரபுதான் ஓட்டினான். கலியன் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பஞ்சநாதனை யாரும் ஏறச் சொல்லவில்லை. மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது அவர் ஒரு ஓரம் தோள் கொடுத்தார். கலிமா சொல்லிக்கொண்டு ஆண்கள் போனார்கள். பின்னால் ஹெரால்டு முதல் கியரில் ஊர்ந்து போனது.

பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. ஃபாயிசா பின்வாசலில் நின்றாள். பள்ளியில் தொழுகை முடிந்து, உப்பளத்தைத் தாண்டி ஜனாஸா போய்ச் சேர்ந்திருக்கும். மரமோ வீடோ மறைக்காத வெட்டவெளி. காற்று இந்தப் பக்கம் அடித்தது. இன்ஜின் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் லேசாகக் கேட்டது. அத்தா மாதக்கணக்கில் காதை வைத்து வைத்துச் சரிப்படுத்திய சத்தம்.

கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவுக்கு ஒதுக்கிய அறையிலிருந்து அம்மா கேட்டாள். “என்னா சத்தம் அது?”

“அத்தா வண்டிம்மா.”

“யார் ஓட்டுறாங்க?”

அவள் பதில் சொல்வதற்குள் சத்தம் நின்றுவிட்டது. காற்று மட்டும் அடித்தது.

“மண்ணு போட்டுட்டாங்கம்மா” என்றாள் ஃபாயிசா. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரபுவும் கலியனும் சொல்லிக்கொண்டு போனார்கள். பஞ்சநாதன் கடைசியாக, தனியாக வந்தார். வேட்டி முழுக்க மண்.

“வர்றேம்மா.” செருப்பைத் தேடி மாட்டியவர் திரும்பி நின்றார். “பாய்கிட்ட வண்டியக் கேட்டது நெசம்தான். எனக்கு ஆசை இருக்குது. எப்பவாவது குடுக்கறதா இருந்தா எங்கிட்ட மொதல்ல சொல்லு.”

“குடுக்க மாட்டேன் அங்கிள்.”

“நல்லது.”

“உங்க வண்டி?”

“ஸ்டார்ட் ஆகல. நான் பஸ்ஸுல போயிக்கறேன்.”

அந்தி மஃரிப் பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தது. கரையோரம் அந்த ஹெரால்டு மட்டும் நின்றது. ஃபாயிசா பானெட்டைத் திறந்தாள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை வைத்திருந்தாரே தவிர, இரண்டு கிளிப்பும் மாட்டாமல் தொங்கின. மூடிக்கு அடியில் ரோட்டர் இல்லை. அவள் துப்பட்டா முடிச்சை அவிழ்த்து, அத்தாவின் ரோட்டரை உள்ளே வைத்து அழுத்தினாள். அது போய் உட்கார்ந்தது. கிளிப்புகளை மாட்டி மூடினாள்.

போன் அடித்தது. உமைர்.

“முடிஞ்சுதாக்கா?”

“முடிஞ்சுது.”

“வண்டி இருக்குதுல்ல? எடுத்துட்டுப் போயிடலியே?”

“ரெண்டு வண்டி இருக்குது” என்றாள்.

உப்புக் காற்றில் நின்ற வண்டி எதுவானாலும், போகும் முன் அத்தா நல்ல தண்ணீர் ஊற்றித்தான் அனுப்புவார். அவள் வீட்டிலிருந்து இரண்டு பக்கெட் தூக்கி வந்தாள். முதல் பக்கெட்டைக் கூரை மேல் ஊற்றினாள். வெள்ளையாகப் பூத்திருந்த உப்பு கரைந்து கண்ணாடி வழியாக இறங்கியது. துப்பட்டாவின் கறை படியாத முனையை நனைத்துப் பிழிந்துகொண்டு, வைப்பரைத் தூக்கி, அதற்கு அடியிலும் துடைத்தாள்.